ராத்திரி ரோட்டில் வேலை பார்ப்பவருக்கு எந்த விளக்கு? பைபாஸுக்கு ஒன்று, ஏற்காடு வளைவுக்கு வேறொன்று

சேலத்தில் கொண்டலாம்பட்டி, சீலநாயக்கன்பட்டி பக்கம் லாரிப் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு ராத்திரி போன் வருவது பழகிப்போன விஷயம். தொப்பூர் இறக்கத்தில் பிரேக் சூடாகி வண்டி நிற்கிறது, சங்ககிரி தாண்டி டீசலில் ஏர் லாக், ஆத்தூர் ரோட்டில் பின் டயர் வெடித்துவிட்டது என்று ஏதாவது ஒன்று வரும். டூல்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு பட்டறைப் பையன் கிளம்புகிறான். ஸ்பேனர் எடுத்தானா, ஜாக்கி எடுத்தானா என்று கேட்கிறோம். உடம்பில் என்ன வெளிச்சம் மாட்டியிருக்கிறான் என்று யாரும் கேட்பதில்லை. போலீஸ்காரர்கள் நிலைமையும் இதுதான். பேரிகேடு போட்டு ராத்திரி முழுக்க வாகனத் தணிக்கையில் நிற்பவரின் காக்கிச் சட்டை பத்தடி தள்ளிப்போனால் இருட்டோடு இருட்டாகிவிடும்.

கடையில் போய்க் கேட்டால் ரிஃப்ளெக்டர் ஜாக்கெட், ஹெட்லேம்ப், கழுத்தில் போடும் விளக்கு, தோளில் மாட்டி மின்னவிடும் பிளிங்கர் விளக்கு, எல்.இ.டி. வைத்த ஜாக்கெட் என்று வரிசையாக எடுத்து வைக்கிறார்கள். எதை வாங்குவது? எங்கள் பட்டறைக்கு வாங்கவேண்டி வந்தபோது இதையெல்லாம் ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்த்தேன். மச்சான் போலீஸில் இருப்பதால் அவர் பக்கத்துத் தேவையும் தெரிந்தது.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். நாம் பார்ப்பதற்கு வேண்டிய வெளிச்சம் ஒன்று. பிறர் கண்ணில் நாம் படுவதற்கு வேண்டிய வெளிச்சம் இன்னொன்று. நட்டைப் பார்க்க உதவும் விளக்கு நட்டைத்தான் காட்டும். பின்னால் வருகிற பஸ் டிரைவருக்கு அது உங்களைக் காட்டாது. குனிந்து வேலை செய்பவனின் நெற்றியில் எவ்வளவு பெரிய விளக்கு எரிந்தாலும் அவன் முதுகு இருட்டில்தான் இருக்கிறது, வண்டி வருவதோ முதுகுப் பக்கம்.

கணக்கைப் பாருங்கள். மணிக்கு 80 கிலோமீட்டரில் வரும் வண்டி ஒரு நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. ஏதோ இருக்கிறது என்று டிரைவர் உணர்ந்து பிரேக்கில் கால் வைக்க இரண்டு நொடி என்றால் அதிலேயே 44 மீட்டர் போய்விடும். அதற்குமேல் காய்ந்த ரோட்டில், நல்ல பிரேக் உள்ள கார் நிற்பதற்கே இன்னும் 40 மீட்டர் வேண்டும். லோடு ஏற்றிய லாரிக்கு இது போதாது. டிம் லைட்டில் வரும் டிரைவருக்குக் கறுப்புச் சட்டைக்காரர் தெரிவது பெரும்பாலும் 30, 40 மீட்டருக்குள்தான். அதற்குப் பிறகு அவர் என்ன பிரேக் பிடித்தாலும் நேரம் கடந்துவிட்டது.

ஜாக்கெட்

100, 200 ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண ரிஃப்ளெக்டர் ஜாக்கெட்டை மலிவுப் பொருள் என்று தள்ளிவிட வேண்டாம். நேரான, நான்கு வழிச் சாலையில் கொடுக்கும் காசுக்கு இதற்கு ஈடாகப் பயன் தரும் பொருள் வேறு இல்லை. ஜாக்கெட்டில் இரண்டு சமாச்சாரம் இருக்கிறது. பளீரென்ற மஞ்சள் அல்லது ஆரஞ்சுத் துணி பகலுக்கு; சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிரை வாங்கித்தான் அது அப்படிப் பளிச்சிடுகிறது. ராத்திரியில் அந்தத் துணியால் பெரிய பயன் இல்லை. ராத்திரிக்கு உதவுவது சாம்பல் நிறப் பட்டை. அதிலுள்ள நுண்ணிய கண்ணாடி மணிகள் விழுந்த வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். அதனால் 150 மீட்டர் தள்ளி வரும் டிரைவருக்கும் பட்டை மின்னும். பேட்டரி வேண்டாம், சார்ஜ் வேண்டாம், பழுதாவதற்கும் எதுவும் இல்லை.

ஆனால் வந்த திசைக்கே திருப்பி அனுப்புகிறது என்பதில்தான் சிக்கலும் இருக்கிறது. வெளிச்சம் ஹெட்லைட்டுக்குத் திரும்புகிறது. டிரைவரின் கண் அதற்கு அருகில் இருந்தால்தான் பட்டை நன்றாகத் தெரியும். கார் டிரைவரின் கண் ஹெட்லைட்டுக்குக் கொஞ்சம் மேலே. லாரி டிரைவர் எங்கோ உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஒரே பட்டை, ஒரே தூரம் என்றாலும் காரில் வருபவருக்குத் தெரிவதைவிட லாரியில் வருபவருக்கு மங்கலாகத் தெரியும். சேலம் பைபாஸில் ராத்திரி ஓடுவதில் லாரிதான் அதிகம் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

அடுத்தது, குனிந்தால் ஜாக்கெட் சுருங்கும். உட்கார்ந்து வீல் கழற்றும்போது பட்டை மடிந்து பாதி மறையும். லாரிக்கு அடியில் படுத்துவிட்டால் வெளியே நீட்டிக்கொண்டிருப்பது இரண்டு கால்கள் மட்டுமே. கிரீஸும் டீசலும் பட்ட பட்டை சில மாதத்தில் கறுத்து, வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் வேலையை நிறுத்திவிடும். பட்டறையில் ஆணியில் தொங்கும் ஜாக்கெட்டை ஒரு ராத்திரி எடுத்து, பத்து இருபதடி தள்ளி நின்று, டார்ச்சைக் கண் ஓரத்தில் பிடித்து அடித்துப் பாருங்கள். மின்னாத ஜாக்கெட் வெறும் துணிதான்.

இதற்காகவே நான் கால் பட்டையைச் சேர்த்து வாங்கச் சொல்கிறேன். கணுக்காலில் சுற்றி வெல்க்ரோ ஒட்டும் ரிஃப்ளெக்டர் பட்டை ஒரு ஜோடி போதும். அடியில் படுத்திருப்பவனின் காலைக் காட்டுவது அது ஒன்றுதான். நடக்கும்போது அது வேறொரு வேலையும் செய்கிறது. ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் குன்னர் யோஹான்சன் 1973-இல் காட்டினார்: இருட்டில் ஒரு மனிதனின் மூட்டுகளில் மட்டும் ஒளிப்புள்ளிகள் தெரிந்தால்கூட, அவை அசைந்த உடனே அது மனிதன் என்று கண் கண்டுபிடித்துவிடுகிறது. மார்பில் உள்ள பட்டை அசையாது. தூரத்திலிருந்து பார்த்தால் மைல்கல்லா, தடுப்புச் சுவரில் ஒட்டிய ஸ்டிக்கரா என்று தெரியாது. காலும் கையும் அசைந்தால் ஆள் என்று புரியும். ஆள் என்று புரிந்தால்தான் டிரைவர் ஸ்டியரிங்கை ஒதுக்குவார்.

நெற்றியில் போடுவதா, கழுத்தில் போடுவதா?

செல்போன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு வேலை பார்க்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. எச்சில் பட்டு போன் கெடுவது ஒருபக்கம் இருக்கட்டும், பேச முடியாது, ஆபத்து என்றால் கத்தவும் முடியாது. ஹெட்லேம்ப் வந்தபிறகு இதை விட்டுவிடலாம். தலை திரும்பும் பக்கம் வெளிச்சம் திரும்புகிறது, இரண்டு கையும் வேலைக்கு மிச்சம்.

வாங்கும்போது அட்டையில் போட்டிருக்கும் எண்ணை நம்பாதீர்கள். கார்களில் நாம் பார்த்துப் பழகிய எச்4 பல்பு டிம்மில் ஏறத்தாழ 1000 லூமன் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) தரும். கைக்குள் அடங்கும் ஹெட்லேம்பில் 50,000 லூமன் என்று எழுதியிருந்தால் அது பொய். 18650 என்ற பேட்டரியில் இன்று நல்ல கம்பெனி தயாரிப்பே சேமிப்புத் திறனில் 3500, மிஞ்சினால் 4000 எம்.ஏ.எச். வரைதான் போகிறது, 9900 என்று அச்சடித்திருந்தால் அந்த பேட்டரியைத் தொடவே வேண்டாம். எத்தனை மணி நேரம் எரியும் என்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. டார்ச்சுகளுக்கான எஃப்.எல்.1 என்ற தர அளவில், ஆரம்ப வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரையுள்ள நேரத்தைத்தான் எரியும் நேரம் என்று கணக்கிடுகிறார்கள். நேர்மையான கம்பெனி போட்ட 40 மணி நேரத்திலும் வேலைக்கு உதவும் வெளிச்சம் அதில் ஒரு பகுதிதான். கைக்கெட்டும் தூரத்தில் வேலை பார்க்க 200, 300 லூமன் தாராளம்.

வெளிச்சத்தின் அளவைவிட அதன் குணம் முக்கியம். மலிவான எல்.இ.டி.யின் நீலம் பாய்ந்த வெள்ளையில் ஒயரிங் பார்த்தவர்களுக்குத் தெரியும், பிரவுன் ஒயரும் சிவப்பு ஒயரும் ஒன்றுபோல இருக்கும். ஆரஞ்சும் அதில் சேர்ந்து குழப்பும். சி.ஆர்.ஐ. (நிறத்தை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்ற அளவு) 90-க்கு மேல் உள்ள விளக்கு நிறத்தை நிறமாகக் காட்டும். எலக்ட்ரிக்கல் வேலைக்குப் போகிறவனுக்கு அதைப் பார்த்து வாங்கிக் கொடுங்கள்.

என் தேர்வு, பேட்டரிப் பெட்டி தலைக்குப் பின்னால் இருந்து, அதில் சின்ன சிவப்பு விளக்கும் வைத்த ஹெட்லேம்ப். முன்னால் வேலைக்கு வெள்ளை, பின்னால் வருகிறவர்களுக்குச் சிவப்பு. ஒரே பொருளில் இரண்டும் ஓரளவு நிறைவேறுவது இதில் மட்டும்தான். ஓரளவு என்று சொல்லக் காரணம், பானெட்டுக்குள் தலையை விட்டால் அந்தச் சிவப்பு வானத்தைப் பார்க்கும். அதனால் ஜாக்கெட்டும் கால் பட்டையும் வேண்டாம் என்று ஆகிவிடாது.

கழுத்தில் மாலைபோல் போட்டு இரு முனையிலும் விளக்கு எரியும் வகை இப்போது நிறைய வருகிறது. பட்டறைக்குள் நல்லது. எதிரில் இருப்பவர் கண்ணில் அடிக்காது. ஆனால் ஒரு லாரியின் கீழே நெளிந்து போகும்போது அது கழன்று விழும். வெளி வேலைக்கு நான் எடுக்கவில்லை.

போலீஸுக்கு முடிவு நேர்மாறு. ஹெட்லேம்ப் கூடவே கூடாது என்கிறார் மச்சான். "மலையேற வர்ற வண்டியை அடிவாரத்துல நிறுத்தி, நெத்தி லைட்டோட டிரைவர் முகத்தைப் பார்த்து லைசென்ஸ் கேட்டா, அவன் கண்ணு கூசிப்போய்த்தான் முதல் வளைவுக்குப் போவான்" என்றார். உண்மை. கண் முழுமையாக இருட்டுக்குப் பழக 20, 30 நிமிஷம் ஆகும். ஒரு நொடி நேரடி வெளிச்சம் அதைக் கலைத்துவிடும். மார்பில் மாட்டி, கீழ்நோக்கித் திருப்பக்கூடிய சிறு விளக்கு இருந்தால் ஆர்.சி. புக்கைப் படிக்கலாம், எதிரில் இருப்பவர் கண்ணும் தப்பிக்கும், ஒரு கை எப்போதும் மிச்சம் இருக்கும்.

தோளில் மின்னும் விளக்கு

ராத்திரி ரோந்து போலீஸ்காரர்களின் தோளில் சிவப்பும் நீலமுமாக மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். கிளிப் வைத்தது, காந்தம் வைத்தது என்று இரண்டு வகை. காந்த வகையில் ஒரு தகடு சட்டைக்கு உள்ளே, விளக்கு வெளியே. ஏற்காட்டில் நிற்பவர்கள் காந்தத்தையே எடுக்கவேண்டும். மழை வந்தால் ரெயின்கோட்டை மேலே போடுகிறோம். கிளிப் போட்டுச் சட்டையில் மாட்டிய விளக்கு உள்ளே போய்விடும், ஜாக்கெட்டும் உள்ளே போய்விடும். விளக்கு வாங்கித் தந்தும் மழை ராத்திரியில் ஒன்றுமில்லாமல் நிற்பதற்குச் சமம். காந்தத்தை ரெயின்கோட்டுக்கு மேல் ஒட்டிக்கொள்ளலாம். தண்ணீர் காப்பு ஐ.பி.65-ஆவது இருக்கட்டும்.

மார்பில் மாட்டினால் முன்னால் வருபவருக்கு மட்டும் தெரியும். கார் ஜன்னலில் குனிந்து பேசுகிறவரின் முதுகுப் பக்கம்தான் அடுத்த வண்டி வரும். ஆகவே தோளின் உச்சியில், முன்னும் பின்னும் தெரியும்படி மாட்டுவது சரி. ஒரு தோளில் ஒன்றைவிட இரண்டு தோளில் இரண்டு நல்லது. ஒற்றைச் சிவப்புப் புள்ளி பைக்கின் டெயில் லைட் மாதிரி தெரியும். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு இருந்தால், நெருங்க நெருங்க அவற்றின் இடைவெளி விரியும். தூரத்தைக் கணிக்க டிரைவருக்கு அது உதவும்.

விட்டு விட்டு எரிவதா, நின்று எரிவதா என்பதில் பலருக்குத் தெளிவில்லை. மின்னுவது கவனத்தைச் சட்டென்று இழுக்கும், ஆனால் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணிப்பது கஷ்டம். நின்று எரிவது கவனத்தை மெதுவாகத்தான் இழுக்கும், தூரம் சரியாகப் புரியும். அதனால் நிதானமாக மின்னும் முறை ஒன்று, நின்று எரியும் முறை ஒன்று, இரண்டும் உள்ளதாக வாங்கி, தணிக்கையில் இருவர் நின்றால் ஒருவர் மின்ன, ஒருவர் நிலையாக எரிய விடலாம். இருட்டான இடத்தில் வெளிச்ச அளவைக் குறைத்து வையுங்கள். கண்ணைப் பறிக்கும் மின்னல் அதன் பக்கத்தில் விளக்கில்லாமல் நிற்கும் இன்னொருவரை மறைத்துவிடும்.

பட்டறைக்காரர்கள் சிவப்பு-நீலத்தை வாங்கக்கூடாது. ஆன்லைனில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்பது வேறு விஷயம். வாகனங்களில் பலவண்ண விளக்கே 2017-க்குப் பிறகு போலீஸ், தீயணைப்பு மாதிரியான அவசரப் பணிகளுக்கு என்று ஒதுக்கப்பட்டிருக்கிறது. அந்த நிறத்தைப் பார்த்தால் மக்கள் போலீஸ் நிறுத்துகிறது என்று நினைத்து நடு ரோட்டில் பிரேக் அடிப்பார்கள். மெக்கானிக்குக் கேசரி மஞ்சள், அதாவது வண்டியின் இண்டிகேட்டர் நிறம் போதும். பின்பக்கம் சிவப்பு.

ஏற்காடு வளைவில் ஏன் கணக்கு மாறுகிறது

பைபாஸில் முதலிடம் கொடுத்த ஜாக்கெட்டுக்கு மலையில் இரண்டாம் இடம்தான். அடிவாரத்திலிருந்து ஏற்காடு போகும் ரோட்டில் 20 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வரும் வண்டியின் ஹெட்லைட் ரோட்டைப் பார்க்காது. நேராகப் பள்ளத்தையோ பாறையையோ பார்க்கும். வண்டி முழுக்கத் திரும்பிய பிறகுதான் வெளிச்சம் ரோட்டுக்கு வரும். வளைவைத் தாண்டி நிற்பவரின் ஜாக்கெட்டில் அதுவரை ஒரு துளி ஒளி விழாது. விழாத ஒளியை எந்தப் பட்டையும் திருப்பி அனுப்ப முடியாது. வண்டி திரும்பி, பட்டை மின்னும்போது இடையில் மிச்சமிருப்பது சில மீட்டர். தானாக எரியும் விளக்குக்கு இந்தப் பிரச்சினை இல்லை. மேலே வரும் வண்டிக்கு அடுத்த வளைவின் சிவப்பு மின்னல் மரங்களின் இடையிலேயே தெரிந்துவிடும். எனவே மலைக்குத் தோள் விளக்கு முதலில், ஜாக்கெட் அதற்குத் துணை.

பனிமூட்டம் இறங்கினால் இன்னொரு சிக்கல். நெற்றியில் எரியும் விளக்கு கண்ணுக்கு மிக அருகில் இருப்பதால், பனித்துளிகளில் பட்ட வெளிச்சம் நேராக நம் கண்ணுக்கே திரும்புகிறது. எதிரில் வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்தது போல் ஆகிவிடும். வெளிச்சத்தைக் கூட்டினால் வெள்ளையும் கூடும். விளக்கைக் கழற்றி இடுப்பு உயரத்தில் பிடித்தாலோ, பெல்ட்டில் மாட்டினாலோ, கண்ணும் விளக்கும் விலகிவிடுவதால் தரை தெரியத் தொடங்கும். மஞ்சள் ஒளி பனியைத் துளைக்கும் என்று நம்பி மஞ்சள் கண்ணாடி ஒட்டுகிறார்கள். பனித்துளி ஒளி அலையைவிடப் பல மடங்கு பெரியது. எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். நிறத்தை மாற்றுவதைவிட விளக்கின் இடத்தை மாற்றுவதில்தான் பலன்.

எல்.இ.டி. பட்டை தைத்த ஜாக்கெட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தானாக எரிவதும் திருப்பி அனுப்புவதும் ஒன்றாக இருப்பது நல்ல யோசனைதான். குனிந்து நிமிரும் வேலையில் மடிப்பில் ஒயர் அறுந்துபோகும், துவைப்பதும் சிரமம். நின்ற இடத்தில் நிற்கும் டிராஃபிக் வேலைக்கு வேண்டுமானால் பார்க்கலாம், பட்டறைக்கு வேண்டாம்.

சரி, எதை வாங்குவது

பைபாஸ் வேலைக்குப் போகும் மெக்கானிக்குக் கையில் 500 ரூபாய்தான் என்றால்: ஜாக்கெட், கால் பட்டை, மிச்சத்துக்குச் சின்ன சிவப்பு கிளிப் விளக்கு ஒன்றை முதுகுப் பக்கம் பெல்ட்டில் மாட்டுங்கள். குனிந்தாலும் பெல்ட்டின் பின்புறம் ரோட்டைப் பார்த்தே இருக்கும். ஹெட்லேம்ப் அடுத்த மாதம் வாங்கலாம். அதுவரை வண்டிக்காரர் டார்ச் பிடிக்கட்டும். முதலில் ஹெட்லேம்ப், மற்றதெல்லாம் பிறகு என்று பலர் வாங்குகிறார்கள். வேலை முடிவதற்கு அது உதவும், ஆளைக் காப்பாற்றாது. வரிசையை மாற்றச் சொல்கிறேன்.

கிளீனருக்கும் ஒரு ஜாக்கெட் வேண்டும். வண்டிக்குப் பின்னால் நின்று கையைக் காட்டி ஒதுக்கிவிடும் பையன்தான் எல்லோரையும்விட ரோட்டுக்குள் நிற்கிறான். பெரும்பாலும் அவனுக்குத்தான் எதுவும் இருப்பதில்லை.

ஏற்காட்டுக்குக் குடும்பத்தோடு போகும் கார்க்காரர்களுக்கு ஒரு ஜாக்கெட், ஒரு ஹெட்லேம்ப், ஒரு மின்னும் கிளிப். ஜாக்கெட்டை டிக்கியில் வைக்காதீர்கள், சீட்டுக்கு அடியில் வையுங்கள். கீழே இறங்கி டிக்கியைத் திறக்கப் போகும் அந்த நேரமே ஆபத்தான நேரம். சேலத்து வெயிலில் மூடிய காருக்குள் லித்தியம் பேட்டரி மாதக்கணக்கில் கிடந்தால் கெட்டுவிடும். எப்போதாவது எடுக்கிறவர்கள் சாதாரண ட்ரிபிள் ஏ செல் போடும் விளக்கை வாங்கி, செல்லை உள்ளே போடாமல் அதே பையில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கசிந்து துருப்பிடிக்காது, வேண்டும்போது முழு பலத்தோடு இருக்கும். தினமும் எடுக்கும் மெக்கானிக்குக்கும் போலீஸுக்கும் சி-டைப் சார்ஜ்தான் வசதி.

உடம்பில் எது மாட்டினாலும் ரோட்டில் வைக்கவேண்டிய முக்கோணத்தை அது ஈடுகட்டாது. நம் ஊரில் மரக்கிளையை ஒடித்துப் போடுகிறார்கள், கல்லை அடுக்குகிறார்கள். ராத்திரியில் கிளையும் தெரியாது, கல்லும் தெரியாது. வேலை முடிந்தபின் அந்தக் கல்லை அங்கேயே விட்டுவிட்டுப் போனால் அடுத்து பைக்கில் வருபவருக்கு அது எமன். மடக்கு முக்கோணத்தை வண்டிக்கு 50 மீட்டர் பின்னால் வையுங்கள். மலையில் 50 மீட்டர் கணக்கு உதவாது, வளைவுக்கு அந்தப் பக்கம் வையுங்கள். அதை வைக்க நடந்து போகும்போதே ஜாக்கெட் உடம்பில், விளக்கு தோளில் இருக்கவேண்டும். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-க்கு ஒரு போன் போட்டுவிட்டு, குழந்தைகளைக் காருக்குள் உட்காரவைக்காமல் தடுப்புக்கு அந்தப் பக்கம் அழைத்துப்போய் நிற்கவையுங்கள்.